பட்ட காலிலே படும்: பால்மரமும் அதன் இரட்டைப் பகைவர்களும்

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடிபட்ட இடத்திலேயே மீண்டும் அடி விழும் என்பது மனிதர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட பழமொழி. ஆனால், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டிய நம் மூத்தவர்கள் அதை மரத்திலும் பார்த்தார்கள். பட்டை அழுகிய மரத்தில்தான் அடுத்த அழுகலும் வந்தது. இலை உதிர்ந்த மரத்தில்தான் கிளையும் காய்ந்தது.

நோயைப் பற்றிய புத்தகங்களைத் திறந்தால், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நோய் இருக்கும். வெள்ளை வேர் நோய்க்கு ஓர் அத்தியாயம், சாம்பல் நோய்க்கு ஓர் அத்தியாயம். ஆனால், மரம் அத்தியாயம் பார்த்து நோயை வாங்குவதில்லை. வேரில் ஒன்று, பட்டையில் ஒன்று, இலையில் ஒன்று என்று ஒரே சமயத்தில் பல பகைவர்கள் அதைச் சூழ்கிறார்கள். ஒரே இலையில் இரண்டு பூசணங்கள் குடியேறுவதும் உண்டு. அப்படி இரண்டு நோய்க்கிருமிகள் ஒன்றாகத் தாக்கும்போது, ஒரு நோயைத் தாங்கும் மரம் இன்னொன்றையும் தாங்குமா? இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியதில்தான் நம் தோட்டப்புறங்களின் நூறாண்டு வரலாற்றில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

காப்பி சொன்ன முதல் பாடம்

கதை பால்மரத்துக்கு முன்பே, காப்பியில் தொடங்குகிறது. 1869-ஆம் ஆண்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும்; பிறகு இலை உதிரும். 1880-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். காற்றில் பறக்கும் வித்துகளால் நோய் பரவுவதையும், இடைவெளியே இல்லாமல் மலைமலையாக ஒரே பயிரை நட்டதே அதற்குப் பாதை போட்டுக் கொடுத்ததையும் அவர் விளக்கினார். காலம் கடந்துவிட்டது. இலங்கை காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியது.

இலங்கையில் தொழில் கற்ற காப்பித் துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். இன்றைய சிரம்பான் வட்டாரமான அன்றைய சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1890-களில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தபோது, அந்தக் காப்பியும் நிலைக்கவில்லை. அதன் இடத்தைப் பிடித்ததுதான் ரப்பர்.

அமேசான் காட்டிலிருந்து ஹென்றி விக்ஹம் 1876-இல் கொண்டு சென்ற சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அவற்றிலிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896-இல் டான் சே யான் மலாக்காவில் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் லாபு, ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், கோலப்பிலா, பகாவ் என்று காடுகள் சாய்ந்து பால்மர வரிசைகளாயின. அந்த வரிசைகளை நட்டவர்களும் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த நம் முன்னோர்.

காப்பி சொன்ன பாடம் ஒன்றுதான்: ஒரே பயிரை ஓரிடத்தில் குவித்தால் நோயும் குவியும். ஆனால், பால்மரம் இன்னொரு பாடத்தையும் வைத்திருந்தது. குவிவது ஒரு நோயாக இருக்க வேண்டியதில்லை.

மண்ணுக்கடியில் நடந்த போட்டி

காட்டை வெட்டியவர்கள் அடிக்கட்டைகளை அப்படியே மண்ணில் விட்டார்கள். அந்தக் கட்டைகளில் பூசணங்கள் வாழ்ந்தன. பக்கத்தில் நட்ட ரப்பர் கன்றின் வேர் அந்தக் கட்டையைத் தொட்டதும் பூசணம் புதிய வேருக்குத் தாவியது. 1904-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பரில் வெள்ளை வேர் நோயை முதன்முதலில் பதிவு செய்தார். ரப்பர் நடச் சொல்லித் துரைமார்களை விடாமல் நச்சரித்தவரும் இதே ரிட்லிதான்!

வேரைத் தாக்கியவை மூன்று. வெள்ளை வேர் நோய் வேகமானது. வெள்ளை நூல்கள் வேரின் மேல்தோலில் முன்னே ஊர்ந்து செல்லும். பின்னால் அழுகல் வரும். இளம் மரங்களை அது சாய்த்துவிடும். சிவப்பு வேர் நோய் நிதானமானது. பருத்த வேர்களில் பல ஆண்டுகள் தங்கி, வளர்ந்த மரத்தை மெல்ல அரிக்கும். பழுப்பு வேர் நோய் கண்ட வேரில் மண்ணும் சிறுகல்லும் ஒட்டிப் பழுப்புத் தோல் போலப் படிந்திருக்கும். ஒரே தோட்டத்தில் மூன்றும் இருந்தன. முதலில் வெள்ளை, தப்பிய மரத்துக்குப் பின்னாளில் சிவப்பு என்று முறை வைத்தும் வந்தன.

தொடக்க காலத்தில் இதற்குச் செய்த வைத்தியம் உழைப்பை விழுங்கியது. ஒவ்வொரு மரத்தின் அடியையும் தோண்டிப் பார்ப்பது, நோய் கண்ட மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எரிப்பது. மண்வெட்டி பிடித்தவர்கள் நம்மவர்கள். இன்னொரு பக்கம், களை ஒன்றுகூட இல்லாமல் தரையை வழித்து வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்றும் துரைமார்கள் நம்பினார்கள்.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைக்கப்பட்ட பிறகு இந்த நம்பிக்கைகள் சோதிக்கப்பட்டன. 1930-களில் அங்கு பணியாற்றிய நேப்பர் என்ற ஆய்வாளர், வெள்ளை வேர் பூசணத்தைத் தனியாகப் பார்க்காமல் அது வாழும் மண்ணோடு சேர்த்துப் பார்த்தார். தரையை வழிப்பதைவிட, அவரை இனக் கொடிகளைப் படரவிடுவது நோயைக் குறைக்க உதவும் என்ற சிந்தனை அங்கிருந்து வலுப்பெற்றது.

இதன் அடுத்த கட்டம் நெகிரி செம்பிலானிலேயே நடந்தது. மலாக்கா எல்லையில் உள்ள பத்தாங் மலாக்காவில் டன்லப் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பகாவ் அருகே லாடாங் கெடிஸ் போன்ற பெரிய தோட்டங்களை வைத்திருந்த நிறுவனம் அது. அந்த நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபாக்ஸ் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில், மறுநடவு செய்யும் நிலத்தில் வேர் நோயை உயிரியல் முறையில் அழிப்பது பற்றி எழுதினார். உலகெங்கும் மண்வழி நோய்களைப் படிப்பவர்கள் அறிந்த கட்டுரை அது.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். அடிக்கட்டை என்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு. அதை நோய்ப் பூசணம் மட்டும் சாப்பிட்டால் அது கொழுத்து, பக்கத்துக் கன்றைத் தாக்கும். கேடு செய்யாத மட்குப் பூசணங்கள் அதே தட்டில் கை வைத்தால், நோய்ப் பூசணம் பட்டினி கிடக்கும். ஆகவே, பழைய மரத்தை மருந்திட்டுக் கொன்று, கட்டை விரைவில் மட்கச் செய்ய வேண்டும். வெட்டிய முகத்தில் கிரியோசோட் எண்ணெய் பூசி, காற்றில் வரும் நோய் வித்துகள் அங்கே குடியேறாமல் தடுக்க வேண்டும். தரையில் கொடிப்பயிரைப் படரவிட்டு ஈரத்தைக் காக்க வேண்டும். நோய்ப் பூசணம் அந்த ஈரத்தில் அங்குமிங்கும் படர்ந்து தன் சக்தியை வீணாக்கும்; மட்குப் பூசணங்கள் கட்டையைத் தின்று தீர்க்கும்.

இரண்டு பூசணங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் எப்போதும் கேடுதான் என்று நினைப்பது தவறு என்பதை இந்த மண் காட்டியது. யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஆனால், இந்த வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. மரத்தைக் கொல்லப் பயன்பட்ட 2,4,5-டி என்ற களைக்கொல்லியில் டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது பின்னாளில் தெரிய வந்தது. பல நாடுகள் அதைத் தடை செய்தன. தோட்டங்களில் அந்த மருந்தைக் கையில் எடுத்துப் பூசியவர்கள் தொழிலாளர்கள். மரத்தின் நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அக்கால ஏடுகளில், அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிய பக்கங்கள் மிகக் குறைவு.

கத்தி முனையில் வந்த பழி

வேர் நோய் மண்ணுக்குள் இருந்தது. பட்டை நோயோ பால்வெட்டுக்காரரின் கண் முன்னால் இருந்தது. விடியற்காலை பெரட்டு முடிந்து, நிரைக்குப் போய், முந்திய வெட்டின் மேல் கத்தி வைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். வெட்டுக்கோட்டின் மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தால் அது பூசண அழுகல். பட்டையைச் சீவினால் உள்ளே மேலும் கீழுமாகக் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது கருங்கோடு நோய். மழைக்காலத்தில் இரண்டும் வரும்; ஒரே வெட்டுப்பட்டையிலும் வரும்.

பார்வைக்கு அண்ணன் தம்பி போல் தோன்றினாலும் இரண்டுக்கும் உறவே இல்லை. பூசண அழுகலைத் தருவது செரட்டோசிஸ்டிஸ் என்ற உண்மையான பூசணம். கருங்கோட்டைத் தருவது பைட்டோப்தோரா. அது பூசணம் போல் தோன்றினாலும் வேறு குலத்தைச் சேர்ந்த உயிர். நீரில் நீந்தும் வித்துகளை உடையது. அயர்லாந்தில் 1840-களில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய உயிரும் இந்தக் குலமே.

இந்த வேறுபாடு புத்தகத்தோடு நிற்பதில்லை. பூசண அழுகலைக் கட்டுப்படுத்தும் பெனோமில் என்ற மருந்து பைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது. பைட்டோப்தோராவை அடக்கும் மெட்டலாக்சில் என்ற மருந்து பூசண அழுகலை அடக்காது. இரண்டும் சேர்ந்து வந்த பட்டையில் ஒரு மருந்தை மட்டும் பூசினால் என்ன ஆகும்? ஒருவனை விரட்டி, அவன் இடத்தை மற்றவனுக்குக் கொடுத்தது போலாகும். மருந்து பூசியும் பட்டை தேறவில்லை என்றால், அது எப்போதும் பூசியவரின் குற்றமாக இருக்க முடியாது.

ஆனால், குற்றம் அவர் மேல்தான் விழுந்தது. பூசண அழுகலின் வித்துகள் கத்தியிலும் கையிலும் ஒட்டி, மரம் விட்டு மரம் போகும் என்பது உண்மை. 1936-இல் ரப்பர் மர நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆர்னால்டு ஷார்ப்பிள்ஸ் காலத்திலிருந்தே இது அறிந்த செய்தி. கத்தியைக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும், நோய் கண்ட மரத்தை வெட்டாமல் விட வேண்டும் என்பது விதி.

ஒரு நாளைக்குப் பல நூறு மரங்கள் வெட்ட வேண்டிய மனிதர் ஒவ்வொரு மரத்திலும் கத்தியை நனைக்க முடியுமா? பால் எடையைப் பார்த்துக் கூலி கணக்கிட்ட காலங்களில், நோய் கண்ட மரத்தை விட்டால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். பட்டை புதிதாக வளரும்போது நோய் கண்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட வரும்போது கத்தி இடறும். ஆழமாக வெட்டிவிட்டார் என்று அதற்கும் திட்டு விழும். நோய் மரத்துக்கு, தழும்பு இருவருக்கும்!

செப்பு நிற இலையின் சில நாட்கள்

ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். தோட்டமே மொட்டையாக நிற்கும். பிறகு செப்பு நிறத்தில் தளதளவென்று தளிர் வரும். அந்தத் தளிர் முற்றிப் பச்சையாகும் வரையிலான சில வாரங்கள்தாம் மரத்தின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும்.

அந்த நாட்களில் வானம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பகைவர் மாறுவர். வறட்சியும் இரவுக் குளிரும் சிறு தூறலும் இருந்தால் ஓயிடியம் என்ற சாம்பல் நோய் வரும். நல்ல மழை பெய்தால் அந்நாளில் குளோயியோஸ்போரியம் என்றும் இன்று கொலெட்டோட்ரைக்கம் என்றும் அழைக்கப்படும் பூசணம் வரும். நெகிரி செம்பிலானில் இது இன்னும் சிக்கலானது. கடலோரப் போர்ட்டிக்சன் ஒரு விதம். மலைத்தொடரின் மறைவில் இருக்கும் ஜெலுபு, தீபகற்பத்திலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் ஒரு நோய், மறுபக்கம் இன்னொன்று. தளிர்க்காலத்தில் வானிலை மாறிவிட்டாலோ ஒரே தோட்டத்தில் இரண்டும்.

சாம்பல் நோய்க்குக் கந்தகப் பொடி தூவினார்கள். அது ஓயிடியத்தைக் கொல்லும். கொலெட்டோட்ரைக்கத்துக்கு அது மருந்தல்ல. மழை வந்தால் பொடியும் கரைந்து போகும். மழையோடு இரண்டாவது பகைவரும் வந்து சேர்வார். முதல் தளிர் உதிர்ந்தால் மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து இரண்டாம் தளிர் விடும். அதுவும் உதிர்ந்தால் கிளை நுனி பலம் இழக்கும். அப்போதுதான் மூன்றாமவர் வருவார்: போட்ரியோடிப்ளோடியா என்ற பூசணம். திடமான மரத்தை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால், நலிந்த கிளையைப் பிடித்து நுனியிலிருந்து காய வைத்துக்கொண்டே கீழே இறங்கும். பட்ட காலிலே படும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நோயியல் அறிஞர் பி. எஸ். ராவ் 1975-இல் மலேசிய ரப்பர் மரங்களின் நோய்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்தக் காலகட்டத்தில் ஒரு துணிச்சலான முயற்சியும் நடந்தது. நோயை எதிர்த்துப் போராடுவதற்குப் பதில் அதை ஏமாற்றுவது! மரம் தானாக உதிர்க்கும் முன்பே மருந்து தெளித்து இலையை உதிர்த்துவிட்டால், பூசணத்துக்கு ஏற்ற வானிலை வருமுன் தளிர் முற்றிவிடும். பகைவர் எத்தனை பேர் வந்தாலும் கதவு மூடியிருக்கும்.

ஒரு மதிப்பெண் போதாது

நோயைத் தாங்கும் மரத்தையே உருவாக்கிவிட்டால் தொல்லை தீருமே என்ற எண்ணம் இயல்பானது. 1910-களில் ஜாவாவில் ஒட்டுக்கட்டும் முறை வந்த பிறகு, ஒரு நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்ட முடிந்தது. ஒரு தோட்டம் முழுவதும் உண்மையில் ஒரே மரம். பல ஆயிரம் உடல்களில் நிற்கும் ஒரே மரம்.

ஜாவாவின் தி.ஜி.ர். 1, இன்றைய புத்ராஜெயா இருக்கும் இடத்தில் இருந்த பிராங் புசார் தோட்டத்தின் பி.பி. 86 ஆகிய இரண்டின் பிள்ளைதான் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600. அதன் பால் வளம் ஊரறிந்தது. ஆனால், கிளை இடுக்கில் வரும் இளஞ்சிவப்பு நோய்க்கும் பைட்டோப்தோராவுக்கும் அது எளிதில் இரையாகும். ஒரு நோய்க்குக் கெட்டியான இரகம் வேறொன்றுக்கு மென்மையாக இருக்கும் என்பதே ஒவ்வொரு இரகத்திலும் கண்ட உண்மை.

அதனால்தான் 1970-களில் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதற்கும் ஒரே இரகத்தைச் சிபாரிசு செய்வதை விட்டு, எந்த வட்டாரத்தில் எந்த நோய் அதிகம், எங்கே காற்று பலமாக அடிக்கும் என்று பிரித்து இரகங்களைப் பரிந்துரைத்தது. 'நோய் தாங்கும் மரம்' என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. எந்த நோயை, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது.

மறந்தவர்களுக்கு இலங்கை நினைவூட்டியது. அங்கு விளைச்சலை நம்பி நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற இரகத்தை 1980-களின் நடுவில் கோரினெஸ்போரா என்ற இலைப்பூசணம் தாக்கியது. அதுவரை ரப்பரில் பெரிதாக மதிக்கப்படாத பூசணம் அது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. தெரிந்த பகைவனுக்குக் காவல் வைத்தார்கள். தெரியாதவன் பின்வாசலில் வந்தான்.

மரத்துக்குள் இரண்டு மணிகள்

ஒரு நோயைத் தாங்கும் செடி, இரண்டு நோய் சேர்ந்து வந்தால் ஏன் தடுமாறுகிறது? செடிகளின் தற்காப்பை ஆராய்ந்தவர்கள் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள்.

நோய்க்கிருமிகளில் இரண்டு வகை உண்டு. உயிருள்ள திசுவைக் கொல்லாமல் அதில் ஒட்டி உண்பவை ஒரு வகை. சாம்பல் நோய் அப்படி. திசுவைக் கொன்று பிணத்தைத் தின்பவை இன்னொரு வகை; கோரினெஸ்போரா அப்படி. முதல் வகை வந்தால் செடி சாலிசிலிக் அமிலம் என்ற எச்சரிக்கை மணியை அடிக்கும். இரண்டாம் வகை வந்தால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற மணியை அடிக்கும். சிக்கல் என்னவென்றால், பல செடிகளில் ஒரு மணி ஓங்கி அடித்தால் மற்றது அமுங்கிவிடும்.

2007-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சின்னியன் டோங்கின் குழு இதைக் கடுகு இனத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் காட்டியது. உயிரோடு ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியா தாக்கிய இலையில், திசுவைக் கொல்லும் பூசணம் முன்பைவிட எளிதாகப் பரவியது. ஆனால், அதே செடியின் தொலைவில் இருந்த இலைகளில் அந்தப் பலவீனம் இல்லை. கவனியுங்கள்: பட்ட இலையிலேதான் பட்டது!

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 1961-இல் ஃபிராங்க் ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கீழ் இலையில் வைரஸ் தொற்றிய புகையிலைச் செடியின் மேல் இலைகள் அடுத்த தாக்குதலைச் சிறப்பாகத் தாங்கியதைக் கண்டார். முதல் நோய் தடுப்பூசி போல வேலை செய்தது. ஆக, இரண்டு நோய் சேர்ந்தால் கெடுதலும் நடக்கலாம், நன்மையும் நடக்கலாம். எது முதலில் வந்தது, எந்த இடத்தில் வந்தது, எப்படி உண்ணும் கிருமி என்பவையே முடிவு செய்கின்றன.

ரப்பர் மரத்தில் இன்னொரு விந்தை உள்ளது. அதன் இலை காயம்பட்டால் சயனைடு நஞ்சை வெளியிடும். பகைவனைக் கொல்லும் ஆயுதம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜெர்மானிய அறிஞர் ரைன்ஹார்ட் லீபெரை 1980-களில் தென் அமெரிக்க இலைக்கருகல் நோயை ஆராய்ந்தபோது வேறொன்றைக் கண்டார். அந்தப் பூசணம் சயனைடைத் தாங்கிக்கொண்டது. மாறாக, சயனைடு மரத்தின் மற்றோர் ஆயுதத்தை, ஸ்கோப்பொலெட்டின் என்ற பூசணத் தடுப்புப் பொருள் உருவாவதை, முடக்கியது. ஒரு பகைவனுக்காக உருவிய வாள் இன்னொரு பகைவனுக்குக் கதவைத் திறந்தது. அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டின் பிரேசில் ரப்பர் தோட்டங்களை முடக்கிய அந்த இலைக்கருகல் ஆசியாவுக்குள் வராமல் தடுக்க, 1950-களிலிருந்து இவ்வட்டார நாடுகள் கூட்டாகக் காவல் காத்து வருகின்றன.

2017-இல் வந்த புதிய உதிர்வு

பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி, 2016-இல் இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் 2017-இல் மலேசியாவிலும் புதிய இலையுதிர்வு தொடங்கியது. இம்முறை தளிர் உதிரவில்லை; முற்றிய இலைகளில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் விழுந்து, ஆண்டுக்குப் பலமுறை உதிர்ந்தன. 2019-க்குள் தாய்லாந்திலும் இலங்கையிலும் அது காணப்பட்டது. இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேர் பாதிக்கப்பட்டதாக 2019-இல் கணக்கிடப்பட்டது.

காரணம் பெஸ்டலோடியோப்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால், புள்ளி விழுந்த இலைகளை ஆய்வகத்தில் வைத்து வளர்த்தபோது ஒரு பூசணம் மட்டும் வெளிவரவில்லை. பெஸ்டலோடியோப்சிஸ் குடும்பத்தோடு கொலெட்டோட்ரைக்கமும் வந்தது. சில ஆய்வுகள் ஒன்றை முதன்மை என்றன, சில மற்றதை. எவர் முதலில் கதவை உடைத்தார், எவர் பின்னால் நுழைந்தார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கருங்கோடும் பூசண அழுகலும் ஒரே பட்டையில் வந்த காலத்துக் கேள்விதான், இலைக்கு இடம் மாறியிருக்கிறது.

இது ஆய்வகத்தோடு நிற்கும் வழக்கல்ல. இன்று மலேசியாவில் ரப்பர் நிலத்தின் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடம் உள்ளது. உயர்ந்த மரத்தின் உச்சிக்கு மருந்தடிக்க அவர்களிடம் இயந்திரமும் இல்லை, பணமும் இல்லை. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் விலை குறைவாக இருக்கும் ஆண்டில் உரம் போட மாட்டார்கள். உரம் இல்லாத மரம் அடுத்த தாக்குதலைத் தாங்காது. அங்கேயும் பட்ட காலிலேதான் படுகிறது; இம்முறை மரத்துக்கும் மனிதருக்கும் சேர்த்து.

செம்பனை நிழலில் பழைய கேள்வி

நெகிரி செம்பிலானின் பல பழைய பால்மரத் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்கள். லயங்கள் இடிந்தன, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். நோய் மட்டும் குடிபெயரவில்லை. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா, பால்மரத்தின் சிவப்பு வேர் நோய்க்கு நெருங்கிய உறவு. 1931-இலேயே மலாயாவில் வயதான செம்பனைகளில் பதிவான அது, பிற்காலத்தில் மறுநடவு செய்த இளம் மரங்களையும் தாக்கத் தொடங்கியது. அதற்கு எதிராக இன்று சோதிக்கப்படும் வழிகளில் ஒன்று, ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தை மண்ணில் இடுவது. பத்தாங் மலாக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாடத்தின் மறுபதிப்பு அது: கெட்டவனை விரட்ட, அவன் தட்டில் நல்லவனை உட்கார வை.

இந்த நூறாண்டு வரலாறு சொல்வது இதுதான். ஒரு நோயை ஆய்வகத்தில் தனியாக வைத்துச் சோதித்து ஓர் இரகத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண், தோட்டத்தில் அப்படியே நிற்காது. இரண்டு கிருமிகளைச் சேர்த்தும், ஒன்றன்பின் ஒன்றாகவும் வைத்துச் சோதிக்கும் இரகமே நாளைய இரகம். மருந்து கொடுக்கும் அதிகாரி, இலையில் இருப்பது ஒருவரா இருவரா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே இரகத்தால் மலையை மூடும் பழைய தவற்றை மீண்டும் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேரில் வெள்ளை நூலையும், பட்டையில் கறுப்புக் கோட்டையும், தளிரில் சாம்பலையும் ஒரே மரத்தில், ஒரே நாளில் பார்த்தவர் பால்வெட்டுக்காரர். நிபுணர்கள் நோயைப் பிரித்துப் படித்தார்கள். அவர் முழு மரத்தைப் பார்த்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கத்தியைக் கழுவினாயா என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்தத் தலைமுறையில் சிலர் இன்றும் சிரம்பான், பகாவ், ரந்தாவ் வட்டாரங்களில் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். மழைக்குப் பின் எந்த மரம் முதலில் இலை உதிர்த்தது, எந்தப் பட்டை தேறியது, எது தேறவில்லை என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.